ஒன்றுக்கு இருநூற்றைம்பது

அம்மாபேட்டையில் கப்பல் கட்டுகிறேன் என்றால்
சிரிக்கத்தான் செய்வார்கள்.
யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் கட்டிங் மிஷின் எனக்கு.
பெயரில் ஒரு கால் விட்டுப்போனதென்று
திரும்பி வந்தன ஐந்நூறு கல்யாணப் பத்திரிகைகள்.
தாமரைச்செல்வி, தமரைச்செல்வியாக நின்றாள்.
முதலாளி எடைக்குப் போடச் சொன்னார்.
நாற்பதை மட்டும் பைக்குள் வைத்தேன்.
விறைப்பான அட்டை.
கப்பலின் விலா எலும்புக்கு
இதைவிட நல்லது கிடைக்காது.

முப்பத்தாறு சென்டிமீட்டர் நீளம்,
தீவுக்கும் தீவுக்கும் ஆள் ஏற்றும் ரகம்,
வண்டிக்கு ஒரு தளம், ஆளுக்கு ஒரு தளம்,
ஒரு புகைக்கூண்டு, ஆறு உயிர்ப்படகு.
மடிப்புக்கோட்டை மை தீர்ந்த ரீஃபிலால் கீற வேண்டும்.
பசையைப் பல்குச்சி நுனியில் எடுக்க வேண்டும்.
அவசரப்பட்டால் அட்டை ஊறும்.
இரண்டாம் இரவு அவசரப்பட்டேன்.
விடிந்து பார்த்தால் இடப்பக்கம் லேசாய்ச் சாய்ந்திருக்கிறது,
எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பதுபோல.

யாரும் இன்னும் ஏறவேயில்லை.

அறுபத்துநான்கு பெஞ்சு.
ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை.
கூரையை ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது.
விசைத்தறி ஷிஃப்ட் முடிந்து
தலையில் பஞ்சோடு வந்த மேல்வீட்டுக் குப்பண்ணன்
கதவோரம் நின்று கேட்டார்:
"மூடப்போறதுக்கு எதுக்கு மூணு நாள் வேலை?"
"நின்னுக்கிட்டேவா போவாங்க?" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"கக்கூசு இருக்குதா?"
இருந்தது. பாகம் எண் நூற்றுப் பதினெட்டு.
கதவு மட்டும்.

நான் ஏறிய ஒரே படகு பூலாம்பட்டியில்.
காவிரி தாண்டி நெரிஞ்சிப்பேட்டைக்கு,
டிவிஎஸ் எக்ஸெல்லோடு.
பக்கத்தில் ஒருவர் கூடையில் சேவல்.
பாதி ஆற்றில் எஞ்சின் நின்றது.
எல்லோரும் கரையைப் பார்த்தார்கள்,
சேவல் தண்ணீரைப் பார்த்தது.
அதனால் வண்டித்தளத்தின் மூலையில்
வரைபடத்தில் இல்லாத எக்ஸெல் ஒன்று,
ஏழு மில்லிமீட்டரில்.
சேவலும் செய்யப் பார்த்தேன்.
கத்தி அவ்வளவு கூர்மையில்லை.

பசை காயும்வரை கணக்குப் போடுவேன்.
இருநூற்றைம்பதால் வகுத்தால்
சேர்வராயன் மலை
எதிர்வீட்டு மாடி சின்டெக்ஸ் தொட்டியின் உயரம்.
ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும்
ஒரு நூல்கண்டுக்குள் அடக்கம்.
கடல் இருநூறு கிலோமீட்டர் என்று வைத்தால்
எண்ணூறு மீட்டர்.

எண்ணூறு மீட்டர்தானா!

ஞாயிறு சாயங்காலம்
செருப்புப் பெட்டியில் துண்டு விரித்து
கப்பலோடு கிழக்கே நடந்தேன், எட்டு எண்ணிக்கொண்டு.
ஆத்தூர் இருக்கவேண்டிய இடத்தில் கோழிக்கடை.
கள்ளக்குறிச்சியில் வேகத்தடை.
உளுந்தூர்பேட்டையை அடைத்துக்கொண்டு
சவ்வரிசி மூட்டை இறக்கும் லாரி.

கடல் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சர் கடை.
பாதியாய் அறுத்த டிரம்மில் ட்யூபை அமுக்கி
குமிழ் எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.
கறுத்த தண்ணீர். நல்ல அலை.

"பொட்டியில என்னங்க?"
திறந்தேன்.
கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.
"விட்டுப் பாக்கலாமா?"
"காகிதம். ஊறிடும்."
"அப்புறம் எதுக்குக் கொண்டாந்தீங்க?"

பதில் இல்லை என்னிடம்.

அதற்குள் சாய்வைக் கண்டுபிடித்துவிட்டார்.
டிரம் விளிம்புக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடி
உள்ளங்கையை வலப்பக்கம் மெல்லச் சாய்த்தார்.
அறுபத்துநான்கு காலி பெஞ்சும்
எக்ஸெல்லும்
நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருட்டில்
தமரைச்செல்வியும் அவள் முகூர்த்த நேரமும்
ஒருசேர நேரானார்கள்.

ட்யூபுக்காகக் காத்திருந்த லாரிக்காரர்
நீளமாய் ஒரு ஹாரன் அடித்தார்.